சிறு தோட்டமும் பொது நீரும்

வலிகாமத்துச் செம்மண் ஊர்களுள் ஒன்றிலே முதிய கமக்காரர் ஒருவர் வாழ்கின்றார். அவருடைய தோட்டம் ஆறு பரப்பு. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்னும் யாழ்ப்பாணத்து வழக்கின்படி அஃது அரை ஏக்கருக்கும் குறைந்தது. ஒரு போகம் வெங்காயம், மறு போகம் மிளகாய் அல்லது புகையிலை, ஓரத்தே சில வாழைகள் என ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலத்தையே அவர் நம்பியிருக்கின்றார். தோட்டத்தின் எல்லையில் உள்ள கிணறு நான்கு குடும்பங்களுக்குப் பொதுவானது. காணி உறுதியிலே நிலத்தின் விரிவை அடுத்துக் கிணற்றிற் பங்கும் வாய்க்கால் உரிமையும் தவறாது எழுதப்பட்டுள்ளன. வீட்டு வளவிலே குடிநீருக்கென வேறொரு கிணறு இருக்கின்றது. இரண்டிற்கும் இடையே நூறு அடி தூரந்தான்.

அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கற்றவர். தலைப்பிரசவத்திற்காகத் தாய் வீடு வந்திருந்தார். குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமற் போகவே புட்டிப்பால் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டிற்கு வந்த குடும்பநல மாது, பாலைக் கரைப்பதற்குக் கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம் எனச் சொல்லிச் சென்றார். மகள் இரு கிணறுகளின் நீரையும் போத்தல்களில் எடுத்துச் சென்று பரிசோதிப்பித்தார். குடிநீர் இலீற்றர் ஒன்றில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இரு கிணறுகளும் அவ்வெல்லையைக் கடந்திருந்தன.

முதியவர் முதலில் நம்பவில்லை. "இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே பிள்ளை, நீங்கள் எல்லாரும் வளந்தனீங்கள்?" என்றார். பின்னர், கொதிக்க வைத்துக் கொடுத்தால் என்ன என வினவினார். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தையின் உடலில் அது குருதியின் ஒட்சிசன் காவும் ஆற்றலைக் குறைத்து, உடல் நீலம் பாரிக்கும் நோயை உண்டாக்கவல்லது. இவற்றையெல்லாம் மகள் எடுத்துரைத்தார். இறுதியில், தோட்டங்களுக்கு இவ்வளவுதான் பசளை இடலாம் என ஒரு சட்டம் வரவேண்டும் என்றும் கூறினார்.

அச்சொல்லே முதியவரைச் சுட்டது. "ஆறு பரப்புக்கும் ஒரு சட்டமோ? பெரிய ஆக்களுக்கு எழுதின சட்டத்தைக் கொண்டுவந்து எங்கட வரம்பிலை வைக்கப் போறியளோ?" என்று கேட்டுவிட்டு அவர் தோட்டத்திற்குச் சென்றுவிட்டார்.

தந்தைக்கும் மகளுக்கும் இடையே எழுந்த இவ்வினா ஒரு வீட்டின் திண்ணையோடு முடிவதன்று. சுற்றாடலைக் காக்கும் அரசாங்க விதிகளிலிருந்து சிறு கமங்களுக்கு விலக்கு அளித்தல் தகுமா என்பது பல நாடுகளில் நீண்டகாலமாக ஆராயப்பட்டு வரும் வினாவாகும். இலங்கையின் சட்டம் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் மௌனத்தினாலேயே விடை கூறியுள்ளது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் நிறைவேறிற்று, 1988இல் திருத்தப்பட்டது. அதன்கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, எத்தகைய செயற்றிட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் எனப் பட்டியலிட்டது. நிலத்தைத் துப்புரவாக்குவதாயின் அஃது 50 ஹெக்டேயருக்கு மேற்பட்டிருத்தல் வேண்டும். முதியவரின் தோட்டத்தைப் போன்றவை முந்நூறுக்கு மேல் ஒன்றுசேர்ந்தாலன்றி அவ்வளவு நிலம் தேறாது. எனவே சட்டத்தின் கண்ணுக்கு அவர் தென்படுவதேயில்லை. விலக்கு என்ற சொல் எழுதப்படாமலே அவர் விலக்குப் பெற்றவராயினார்.

இவ்விலக்கு நியாயமானதே என வாதிடுவோர் கூறும் காரணங்கள் எளிதிற் புறந்தள்ளக்கூடியன அல்ல. அவற்றுள் முதலாவது, விதியின் சுமை பற்றியது. ஒரு படிவத்தை நிரப்பவும், ஒரு கட்டணத்தைச் செலுத்தவும், ஓர் அலுவலகத்துக்கு மும்முறை சென்று மீளவும் ஆகும் செலவு ஐந்நூறு ஏக்கர்க்காரருக்கும் ஆறு பரப்புக்காரருக்கும் ஏறத்தாழ ஒன்றே. முன்னவருக்கு அதனைக் கவனிக்க எழுதுவினைஞர் ஒருவர் இருப்பார். பின்னவருக்கோ அது மூன்று நாள் இறைப்பு. அளவிலே சமமான விதி, அதனைத் தாங்குவோரின் வலுவிலே சமமற்றதாகி விடுகின்றது.

இரண்டாவது காரணம் வரலாறு பற்றியது. முதியவர் இளைஞராயிருந்த காலத்திலே குழை தாழ்த்தலும் ஆட்டுப்பட்டி அடைத்தலுமே தோட்டத்துக்கு உரமூட்டும் வழிகளாயிருந்தன. பூவரசங் குழையும் பாவட்டங் குழையும் வண்டி வண்டியாக வந்திறங்கின. பசளைப் பையை அவருடைய வரம்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது அரசே. 1962ஆம் ஆண்டிலிருந்து பசளைக்கு மானியம் வழங்கப்பட்டது. காலத்துக்குக் காலம் அதன் வடிவம் மாறியதேயன்றி அக்கொள்கை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1970இன் பின்னர் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, நாட்டுக்கு உணவூட்டும் கடமை குடாநாட்டுச் சிறு தோட்டங்களின் மீது சுமத்தப்பட்டது. விவசாயப் போதனாசிரியர் வந்து யூரியா இடும் முறையைக் கற்பித்தார். துலா இருந்த இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அன்று பாராட்டப்பட்ட உழைப்பே இன்று குற்றமாகக் காட்டப்படுமாயின், அதனைக் கற்பித்தவர் எங்கே நிற்கின்றார் எனக் கேட்க முதியவருக்கு உரிமை உண்டு.

மூன்றாவது காரணம் அச்சம். அவர் தம் வாழ்நாளில் இரு தடவை யூரியா இன்றிப் பயிர் செய்தவர். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையின்போது பசளையும் எரிபொருளும் வடபகுதிக்கு வருவது தடுக்கப்பட்டது. இயந்திரம் உறங்க, மீண்டும் துலா ஏறிற்று. அடுத்த தடவை 2021இல் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய நஞ்சுகளினதும் இறக்குமதி வர்த்தமானி ஒன்றினால் தடைசெய்யப்பட்டது. மாற்றுப் பசளை ஆயத்தமாயிருக்கவில்லை. கமக்காரருக்குப் பயிற்சியுமில்லை, அவகாசமுமில்லை. நவம்பரிலே தடை விலக்கப்பட்டபோதிலும் பெரும்போகம் அதற்குள் பாதிக்கப்பட்டுவிட்டது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் பசளை விலை பன்மடங்காயிற்று. மண்ணையும் மக்களின் உடல்நலத்தையும் காப்பதே நோக்கம் எனக் கூறப்பட்ட விதியொன்று, தான் காக்க வந்தவரையே முதலில் வீழ்த்தியது. சுற்றாடல் விதி என்றவுடன் முதியவரின் உள்ளத்தில் எழும் உருவம் இதுவே. விலக்குக் கேட்பது அவரளவில் சலுகை கேட்பதன்று. தப்பிப் பிழைக்க வழி கேட்பதாகும்.

இவையனைத்தும் உண்மையாயினும், கிணற்றிலிருந்து எடுத்த போத்தல் நீரும் ஓர் உண்மையே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, செம்மண்ணினூடே ஊறி, அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகின்றது. அந்நன்னீர் கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மீது ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருத்தல் இதற்குச் சான்று. நிலாவரையில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையிற் சென்று மிதந்தது என்பது செவிவழிக் கதை. பழம் சென்றதோ இல்லையோ, நிலத்தின் கீழ் வரம்பு இல்லை என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதை போதிய சாட்சியாகும்.

யூரியா மண்ணிலே அமோனியமாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. பயிர் உறிஞ்சியது போக எஞ்சிய நைத்திரேற்றை மண் பற்றி வைத்திருப்பதில்லை. மழையும் மிகையான இறைப்பும் அதனைக் கீழே கொண்டு செல்கின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லை கடந்துள்ளமையை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மலசலகூடக் குழிகளுக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் செறிவான தோட்டச் செய்கையின் பங்கு பெரிது. ஆறு பரப்பு மிகச் சிறிது என்பது மெய்யே. ஆனால் வலிகாமத்திலே தோட்டம் என்பதே ஆறு பரப்பும் பத்துப் பரப்புமாக அமைந்தது. சிறியவை அனைத்தையும் விலக்கினால் விதிக்கு உட்பட ஒன்றுமே எஞ்சாது.

சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை இதனோடு ஒப்புநோக்கலாம். அங்கே மாசு ஒரு மின்னிலையத்தோடு தொடர்புபட்டிருந்தது. மக்கள் திரண்டனர், வழக்குத் தொடுக்கப்பட்டது, 2019இல் உயர் நீதிமன்றம் அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு பணித்தது. எண்ணெய் நாறும், நீரின் மேல் மினுங்கும், அதற்கு ஓர் எதிராளி உண்டு. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அதற்கு எதிராளியும் இல்லை. வழக்காடுவதாயின் ஒவ்வொருவரும் தம் அயலவர் மீதும், தம் தந்தையர் மீதும், ஈற்றில் தம்மீதுமே வழக்காட வேண்டும். பெரியவர் ஒருவர் செய்யும் தீங்கை நீதிமன்றம் தடுக்கலாம். சிறியோர் பலர் அறியாது கூடிச் செய்யும் தீங்கை முன்கூட்டிய விதியன்றி வேறெது தடுக்கும்?

விலக்கு என்பது உண்மையில் யாருக்குச் சென்று சேர்கின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. கிளைபோசேற்று என்னும் களைநாசினி 2015இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது. தேயிலைச் செய்கையிலும் சிறு நிலத்தவர் பலர் உளர் என்பது மெய்யே. எனினும் அவ்விலக்கு நிலத்தின் சிறுமையை நோக்கி வழங்கப்பட்டதன்று. ஏற்றுமதி வருமானத்தை ஒட்டி வழங்கப்பட்டது. வெங்காயம் நடுபவர் 2022இல் தடை நீங்கும் வரை காத்திருந்தார். ஐக்கிய அமெரிக்காவிலும் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் தொழிற்சாலைக் குழாய்களுக்குக் கடும் அனுமதி முறையை விதித்தது. வயல்களிலிருந்து வடியும் பாசன நீரும் மழைநீரும் பின்வந்த திருத்தங்களால் அம்முறைக்கு வெளியே வைக்கப்பட்டன. அவ்விலக்கு அளவு பாராது வழங்கப்பட்டது. ஆதலால் சிறு குடும்பப் பண்ணைக்கு விரித்த குடையின்கீழ் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமுடையோரும் ஒதுங்கினர். மிசிசிப்பி ஆறு சுமந்து செல்லும் நைத்திரேற்று மெக்சிக்கோ வளைகுடாவிலே ஒட்சிசன் மிகக் குறைந்த நீர்ப்பரப்பை ஆண்டுதோறும் உண்டாக்குகின்றது.

அவ்வாறாயின் ஆறு பரப்புக்காரரிடமும் அனுமதிப்பத்திரம் கேட்பதுதான் வழியா? அன்று. விதி என்றால் கோப்பு என்றே பொருள் கொள்வதால் வரும் மயக்கம் இது. இலங்கையின் அனுபவத்திலேயே வேறு வகையான விதிக்கு எடுத்துக்காட்டு உண்டு. பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் வந்தது. அதன்கீழ், மனித உயிருக்கு மிகக் கொடிய நஞ்சுகள் படிப்படியாகப் பதிவிலிருந்து நீக்கப்பட்டன: 1984இல் பரத்தயோன், 1995 அளவில் அதியுயர் நச்சுவகைகள், 1998இல் எண்டோசல்பான் என அவ்வரிசை நீண்டது. எந்தக் கமக்காரரும் படிவம் நிரப்பவில்லை. எந்த வரம்பிலும் பரிசோதகர் நிற்கவில்லை. துறைமுகத்திலே நஞ்சு நிறுத்தப்பட்டது. அதனிலும் தீங்கு குறைந்த மாற்றுகள் கடையில் இருந்தன. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்த இந்நாட்டின் தற்கொலை வீதம் அதன்பின் பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் அதனால் வீழ்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இவ்விதியிலே சிறியோர்க்கு விலக்கு இருக்கவில்லை, சுமையும் இருக்கவில்லை. 2021இன் தடையும் துறைமுகத்திலேதான் இடப்பட்டது. ஆனால் முன்னையது ஆண்டுகள் பல எடுத்து, மாற்றை வைத்துக்கொண்டு நடந்தது. பின்னையது ஒரே நாளில், மாற்று எதுவுமின்றி நடந்தது. வேறுபாடு நோக்கத்திலன்று, நடையிலே இருந்தது.

நிலத்தின் அளவை விட்டு நீரின் எல்லையை அலகாகக் கொள்வது இன்னொரு வழி. ஐரோப்பிய சமூகம் 1991இல் வெளியிட்ட நைத்திரேற்றுப் பணிப்பாணை, மாசடைந்த நீருக்கு வடியும் நிலப்பகுதிகளை வரையறுத்து, அப்பகுதிகளிலே ஹெக்டேயர் ஒன்றுக்கு ஆண்டில் இடக்கூடிய விலங்கெருவின் நைதரசன் 170 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்றது. கமம் பெரிதா சிறிதா என்பது அங்கே முதல் வினாவன்று. அதன் அடியில் எந்த நீர் இருக்கின்றது என்பதே முதல் வினா. ஆனால் ஆறு பரப்பிலே அத்தகைய எல்லையை நடைமுறைப்படுத்த வேண்டுமாயின் அரசு முதலிற் தன் கடமையைச் செய்தல் வேண்டும். மண்ணையும் கிணற்று நீரையும் இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தல், பயிருக்குத் தேவையான அளவை எழுத்திற் கூறுதல், சேதனப் பசளைக்கு மாறும் ஆண்டுகளில் ஏற்படும் நட்டத்திற் பங்கேற்றல் ஆகியன கமநல சேவை நிலையத்தின் வாயிலிலேயே கிடைத்தல் வேண்டும். சிறியவருக்கு வேண்டிய விலக்கு கட்டணத்திலிருந்தும் கோப்பிலிருந்தும் திடீர்த் தண்டனையிலிருந்துமாகும். நீருக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து விலக்குப் பெற எவராலும் இயலாது. ஏனெனில் அந்நீரைக் குடிப்பதிலிருந்து அவருக்கும் விலக்கு இல்லை.

இக்கருத்து அந்நிய நாட்டிலிருந்து வரவேண்டியதன்று. பங்குக் கிணற்றின் ஒழுங்கிலேயே இது பொதிந்துள்ளது. முறை வைத்து இறைக்கும் அக்கிணற்றிலே இரண்டு பரப்புக்காரரும் தம் முறை வரும்வரை காத்திருந்தார். பத்துப் பரப்புக்காரரும் தம் நேரம் முடிய வாய்க்காலை மறித்துவிட்டார். சிறியவர் என்பதற்காக முறையை மீறலாம் என எவரும் சொல்லவில்லை. சிறியவரிடம் அதற்காகக் காசும் கேட்கவில்லை. அவ்வொழுங்கு நீரின் அளவைக் காத்தது. நீரின் தூய்மைக்கும் ஒழுங்கு வேண்டும் என்ற நிலை அக்காலத்தில் எழவில்லை. பசளைப் பை வந்த பின்னரே எழுந்தது.

அடுத்த வெங்காயப் போகத்தில் முதியவர் யூரியாவைக் குறைத்தார். மகள் கணக்கிட்டுக் கொடுத்த அளவை மும்முறையாகப் பிரித்து இட்டார். கடையடியைச் சுற்றிச் சில அடி நிலத்திற்கு ஒன்றும் இடவில்லை. பங்குக்காரர் மூவரிடமும் இதைப் பற்றிப் பேசினார். இருவர் இணங்கினர். மூன்றாமவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நாங்கள் குறைச்சால் பக்கத்துக் கிணத்துக்காரர் குறைப்பினமோ? அவையின்ரை பசளையும் எங்கட தண்ணிக்குத்தானே வரும்" என்று கேட்டார். அதற்கு முதியவரிடம் விடை இருக்கவில்லை.

அன்று மாலை அவர் அக்கேள்வியை மகளிடம் கொண்டு வந்தார். மகள் விடையேதும் கூறவில்லை. குழந்தைக்குப் பால் கரைத்துக் கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து கொள்கலனில் வந்த நீர் அடுப்பிலே கொதித்துக்கொண்டிருந்தது. கிணற்று நீர் தேற இன்னும் எத்தனையோ மாரி பெய்ய வேண்டும். முதியவர் சிறிது நேரம் இருந்துவிட்டு, "எல்லாக் கிணத்துக்கும் ஒரு ஒழுங்கு இருந்தால் நல்லதுதான் பிள்ளை" என்றார். சட்டம் என்ற சொல்லை அவர் அப்போதும் சொல்லவில்லை.